ஜிம்மிக்கு ஏக்கம் என்றார்கள்

அன்னவாசல் கால்நடை மருந்தகத்தில் சித்திரை மாதத்து மதியங்கள் கனவு போலத்தான் நகரும். காலையில் வந்த ஆடு மாடுகள் போயிருக்கும். ஜன்னல் வழியே வேப்பம்பூ உதிர்ந்து மேசைமேல் விழுந்துகொண்டிருக்கும். தூரத்துப் பாறைகள் வெயிலில் மிதப்பது போலத் தெரியும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில், அப்படியொரு மதியத்தில்தான் அந்த ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

இறங்கியவர் ஆவூரைச் சேர்ந்த சகாயமேரி, பள்ளி ஆசிரியை. கையில் ஒரு செவலை நிற நாட்டு நாய், துணிமூட்டை மாதிரித் துவண்டு கிடந்தது. மேசையில் கிடத்தியதும் அதன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மெல்ல இறங்கி, வேப்பம்பூமேல் விழுந்தது.

"அவுக சிங்கப்பூர் போனதுலேர்ந்து இப்படித்தான் டாக்டரம்மா. சோறு வச்சா மோந்து பாத்துட்டு போயிருது. அவுக பைக்குக்கு அடியில படுத்துக்கிட்டு ரோட்டையே பாக்குது. ஏங்கிப் போச்சு."

அவர் கைப்பேசியில் கணவர் ஆரோக்கியசாமி வீடியோ காலில் இருந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் பாதி எழுந்த கட்டடம். "டேய் ஜிம்மி, அப்பா பேசுறேன்டா" என்றார். கண்ணைத் திறக்காமலே நாய் வாலை ஒருமுறை அசைத்தது. சகாயமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் திரும்பி வந்துர்றேன் டாக்டரம்மா. சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன். என்னால ஒரு உசுரு போகக் கூடாது."

நாய்க்கு ஏக்கம் வருவதுண்டு. ஆனால் ஏக்கத்தில் மூக்கில் ரத்தம் வராது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, வெளுத்த துணியாக இருந்தது. உடம்பு கொதித்தது. காது மடலைத் திருப்பினேன். உள்ளே கொத்துக் கொத்தாக உண்ணிகள், ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிக் கிடந்தன.

"இது உண்ணிக் காய்ச்சல்மா. உண்ணி கடிக்கிறப்ப கிருமி ரத்தத்துல ஏறிரும். வீட்டுல மருந்து ஏதும் குடுத்தீங்களா?"

"காய்ச்சலடிக்குதேன்னு எங்க மாத்திரையில பாதி குடுத்தேன்."

"இனிமே குடுக்காதீங்க. நமக்கு மருந்து, அதுக்கு வெஷம்."

ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கினேன். டிரிப் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இன்னும் வீடியோ காலில் இருந்த ஆரோக்கியசாமியிடம் கேட்டேன். "நீங்க இங்க இருந்தப்ப இதுக்கு உண்ணியே வராதா?"

"வருமே. ஞாயித்துக்கிழம கோயில்ல பூசை முடிஞ்சு வந்து குளிப்பாட்டுவேன். காது, வெரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில எல்லாம் பாத்து எடுத்துருவேன். எடுக்க எடுக்க அப்படியே தூங்கிரும்."

சகாயமேரி திகைத்துப் பார்த்தார். "நீங்க அதோட வெளாடுறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நீங்க போனதுனால ஏங்கிச் சாகக் கெடக்கல. நீங்க செஞ்ச வேலைய யாரும் செய்யல, அம்புட்டுதான்" என்றேன்.

கைப்பேசியில் கிரேன் ஓடும் சத்தம் கேட்டது. "அப்ப... வர வேணாமா?" என்றார் ஆரோக்கியசாமி, குழந்தை மாதிரி.

"பொறுங்க. நாங்க பாக்குறோம்."

எளிதாக முடியவில்லை. மாத்திரையைச் சோறில்லாமல் கொடுத்தால் வாந்தி எடுக்கும். சோற்றையோ ஜிம்மி தொடவில்லை. ஒருநாள் நானே நம்பிக்கை இழந்தேன். சகாயமேரி விடவில்லை. குழைந்த சோற்றை விரலில் எடுத்து நாக்கில் தடவியபடி உட்கார்ந்திருந்தார். நான் சொன்னபடி அது படுத்த சாக்கை எரித்தார், சுவர் விரிசல்களைப் பூசினார். நாயை மட்டும் சரிசெய்து சுவரை விட்டால், விரிசலில் ஒளிந்திருக்கும் உண்ணி திரும்ப வரும். காய்ச்சல் இறங்கிய பிறகும் வாரக்கணக்கில் மாத்திரையை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் நாயை மறுபடி தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆரோக்கியசாமி சிங்கப்பூரிலேயே இருந்தார்.

இளம் மருத்துவர்களிடம் இப்போது ஒன்று சொல்வேன். நாய்க்கு ஏக்கம் என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். உடனே நம்பவும் செய்யாதீர்கள். ஈறைப் பாருங்கள், காதைப் பாருங்கள். பிறகு, போனவர் அதற்கு என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்காக ஆவூர் போனேன். சகாயமேரி வீட்டு வாசலில் ஜிம்மி பளபளவென்று நின்றது.

"உண்ணி எடுக்க மொதல்ல அருவருப்பாத்தான் இருந்துச்சு டாக்டரம்மா" என்றார். "இப்ப ஞாயித்துக்கிழம கோயில்லேர்ந்து வர லேட்டானா, இங்கிட்டும் அங்கிட்டும் ஓடி என்னையத் தேடுது."