அடுத்தவர் முகக்கவசம்

நோய்க்காலக் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டிருந்த நாட்களில், சோமனூரில் எங்கள் தறி குடோனுக்கு சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வருவார். எதைத் திறக்கலாம், எதை இன்னும் விடக்கூடாது என்று சொல்லிப் போவார். அவரைக் கண்டதும் என் வீட்டுக்காரர் கேட்பது ஒன்றுதான்.

"ஏனுங்க, இந்த மாஸ்க்கை எல்லாரும் எப்பங்க கழட்டலாம்?"

"இன்னும் கொஞ்ச நாளுங்க. தறி ஓட்டுங்க, ஆனா மாஸ்க் இருக்கோணுமுங்க."

நர்ஸம்மா தெருமுனை தாண்டியதும், "என்ன சொல்லிப்போட்டுப் போறாங்க?" என்று என்னைக் கேட்பார். கேள்வி கேட்டவரே பதிலைக் காதில் வாங்காமல் நின்றால் கோபம் வராதா? எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

அதைவிட வேடிக்கை, தன் மூக்கை மூடியிருந்த துணியைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. நூல் இறக்க வரும் டிரைவரோ, தறியில் பாவு நூலைப் பிணைக்க வரும் ஆளோ வாயை மூடிக்கொண்டு வந்தால்தான் எரிச்சல். ஊரே தன் மாஸ்க்கைத் திட்டியது, இந்த மனிதர் அடுத்தவன் மாஸ்க்கைத் திட்டினார். அட, இதென்ன கூத்து! ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், குடோனுக்குள் எல்லோரும் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பதைப் பார்த்து மிரண்டுபோனேன். தறிகள் ஓடும் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. போகப் போக எனக்கும் பழகிவிட்டது.

தறி நின்றிருந்த ஒரு சாயங்காலம், கடைக்குப் போய்வந்த நான் மாஸ்க்கைக் கழற்றாமலே சமையலறையில் அவர் முன்னால் நின்றேன்.

"ஏனுங்க, ஊடு பத்திக்கிச்சுங்க."

"செரி செரி, ஆகட்டும்," என்றார்.

மாஸ்க்கை இறக்கினேன். குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து, காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

"அரை டம்ளர் போதும்," என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடிப்பதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனிதர்தான் தினமும் துணி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, லாரிகள் பறக்கும் ரோட்டில் மொபெட் ஓட்டிப் போகிறார். பின்னால் அடிக்கும் ஹாரன் இவருக்கு எப்படிக் கேட்கும்?

நேராகவே கேட்டுவிட்டேன். "காதா? காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்?" என்று எகிறினார். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே வெளியே எழுந்து போய்விடுவார். செவிடன் என்று ஊருக்குள் பேர் வந்துவிடுமாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் நர்ஸம்மா வெறும் முகத்தோடு வந்தார். "இனிமே கட்டாயம் இல்லீங்க. சளி, இருமல் இருக்கறவங்க மட்டும் போட்டுக்குங்க. ஊட்டுக்குள்ளயும் போட்டுக்கறது நல்லதுங்க."

அன்று என் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை. வாயெல்லாம் பல். இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்ற நிம்மதி அது. எனக்கோ பயம் இன்னும் கூடியது.

அந்த வாரமே எனக்குச் சளி பிடித்தது. நர்ஸம்மா சொன்னபடி மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். சளி நிஜம்தான், கூடவே கொஞ்சம் வீம்பும் இருந்தது. சாப்பாடு, கரண்டு பில், மகள் போனில் சொன்ன சேதி என எல்லாவற்றையும் துணிக்குள்ளிருந்தே சொன்னேன். தலையாட்டிப் பார்த்தார், சிரித்துப் பார்த்தார். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"அதைக் கழட்டிப்போடு அம்மணி. எனக்கு ஒண்ணுமே கேக்கறதில்ல."

மாஸ்க்கை இறக்கினேன். "நாளைக்குக் கோயமுத்தூருக்குப் போயி காது டாக்டரைப் பாக்கலாமுங்க," என்றேன்.

அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். பார்க்காவிட்டால் நான் சொன்னதே இல்லை என்றாகிவிடும் அவருக்கு.

சளி பிடித்தவள் தள்ளி நிற்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கிட்டப் போய், தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இன்னொரு தரம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் நிற்க, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, வாரேன்," என்றார்.