பாஸாகக் கூடாத டெஸ்ட்

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் எங்கள் அப்பா சும்மா இருக்க மாட்டார். ஆபீஸில் வைத்த பரீட்சைகளையெல்லாம் முதல் தடவையிலேயே எழுதித் தேறி மேலே வந்தவர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அன்று மாலையே செம்பூர் வீட்டு ஹாலில் கோச்சிங் ஆரம்பமாகிவிட்டது.

உண்மையில் அது பாஸாக வேண்டிய டெஸ்ட் இல்லை. எனக்குப் படிக்க வராது. யாராவது ஒரு தடவை வாசித்தால் பாடம் முழுவதையும் அப்படியே ஒப்பிப்பேன். அதையே புத்தகத்தில் காட்டினால் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிடும். ராத்திரி அம்மா வாசிப்பாள். மறுநாள் வகுப்பில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிப்பதுபோல் நடிப்பேன். எழுத்துப் பரீட்சையில் அந்த நடிப்பு எடுபடவில்லை. பையனுக்குப் படிக்க வராது என்று டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டுவந்தால் கூடுதல் நேரமும், நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் தருகிறோம், இல்லையென்றால் வேறு ஸ்கூல் பாருங்கள் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். அம்மா இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஃபெயில் ஆகறதுக்குன்னு எவனாவது டெஸ்டுக்குப் போவானா?”

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். தடுமாறினால் என்னை வேறு ஸ்கூலில் தள்ளிவிடுவார்கள். பஸ்ஸில் போகும்போது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடு என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மாவுக்குப் பரீட்சையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் காத்திருந்த இடத்தையும் டாக்டரின் அறையையும் ஒரு பிளைவுட் தடுப்புதான் பிரித்தது; உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. எனக்கு முன்னால் ஒரு பையன் உள்ளே போனான். கலங்கரை விளக்கில் வேலை பார்க்கும் ஒருவரையும் அவருடைய நாயையும் பற்றிய இங்கிலீஷ் கதை ஒன்றை அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். அவன் நிற்கும் இடமெல்லாம் டாக்டர் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். என் பயம் அப்படியே அடங்கிவிட்டது. கதை முடிந்தபோது முழுவதும் என்னிடம் இருந்தது.

என் முறை வந்தது. அம்மாவும் கூட வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். டாக்டர் ஒரு அட்டையை நீட்டினார். முதல் எழுத்தைப் பார்த்து, அதே கதைதான் என்று ஊகித்துக்கொண்டேன். விரலை வரியின் மேல் ஓட்டியபடி ஆரம்பித்தேன். ஒரு தடங்கல் இல்லை. அப்பா பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார். ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. இவ்வளவு நன்றாகப் படிக்கிறேனே, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நாய் கடலில் குதிக்கும் இடத்தில் டாக்டர் என் கையைத் தொட்டார். அட்டையை வாங்கி நிதானமாகத் திருப்பி வைத்தார். பின்பக்கத்திலும் அச்சடித்திருந்தது. முன்பக்கம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் திருப்பாமலே போய்க்கொண்டிருந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. மீதிக் கதையையும் சொல் என்று ஹிந்தியில் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தேன். பிறகு இன்னொரு அட்டையைக் கொடுத்தார். அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. முதல் சொல்லிலேயே நின்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு, “தெரியலை” என்றேன். எல்லாம் போயிற்று என்று இருந்தது.

டாக்டர் அம்மாவிடம் இங்கிலீஷில் பேசினார். இவனுக்குப் படிப்பதில் கஷ்டம் இருக்கிறது, இன்னும் சில தடவை வர வேண்டும், சர்டிஃபிகேட் கிடைத்துவிடும் என்றார். அம்மா தலையை ஆட்டினாள். கேட்டதை ஒரே தடவையில் இப்படிப் பிடித்துக்கொள்ளும் குழந்தையை இந்த அறையில் நான் பார்த்ததில்லை, மிகவும் கெட்டிக்காரப் பையன் என்றார். அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். டாக்டர் சொன்னார். அம்மா மறுபடியும் கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவையும் சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு தடவையிலேயே எனக்குப் புரிந்த இங்கிலீஷ் அம்மாவுக்குப் புரியவில்லையே, டாக்டர் என்ன நினைப்பார்? எழுந்துபோய் அவள் காதோடு சொன்னேன்.

“நான் ரொம்பக் கெட்டிக்காரனாம், அம்மா.”

அம்மா அப்போதுதான் அழுதாள். தமிழில் சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.