துவைத்து வந்த துணி

எனக்கு வாய்த்தவள் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். "நிறம் வந்திருச்சா?" என்று போனில் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். எதன் நிறம் என்று சொன்னால் உங்களுக்கும் சாப்பாடு இறங்காது.

ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பையாக ஊதிப்போயிருக்கும். அபூர்வம்தான். பித்தம் குடலுக்குப் போகாமல் தேங்கினால் கண் மஞ்சளாகும், மலம் வெளுத்துச் சுண்ணாம்பாகும். சாதாரணக் காமாலை என்று பலரும் விட்டுவிடுவார்கள். இவள் விடமாட்டாள். வயிற்றைத் தடவிப் பார்த்து, உடனே ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவாள்.

அப்படி வந்ததுதான் ஒரு தையல்காரரின் கைக்குழந்தை. மாதக்கணக்காக மருந்து கொடுத்தும் கண் தெளியவில்லை. இன்னும் தள்ளிப்போட்டால் ஈரலே கெட்டுவிடும். இவள் அந்தப் பையை வெட்டியெடுத்து, குடலை மேலே இழுத்துக் குழாயோடு தைத்தாள். பித்தத்துக்கு வழி திறந்ததா என்பதை இனி குழந்தைதான் சொல்ல வேண்டும். அதுவும் துணியில்தான் சொல்லும்: மஞ்சளாகப் போனால் வழி திறந்தாயிற்று, சுண்ணாம்பாகவே போனால் இல்லை.

"முதல்ல போறத அப்படியே கொண்டுவந்து காட்டுங்க" என்று தகப்பனிடம் சொல்லியிருந்தாள். அவரும் கொண்டுவந்தார். துவைத்து, கடைக்கு எடுத்துப்போய் இஸ்திரி போட்டு, நாலாக மடித்து.

"என்னங்க இது?"

"டாக்டரம்மா கையில அழுக்குத் துணியக் குடுக்க மனசு வரலைங்க."

"சரி, என்ன நிறத்துல இருந்துச்சு?"

"கண்ண மூடிக்கிட்டுல்ல அலசினேன்."

அன்று வீட்டில் பாத்திரங்கள் உருண்டன. வாயைத் திறந்தால் வாங்கிக்கட்டிக்கொள்வேன் என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அது கோபமில்லை, பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, முகம்கூடத் தெரியாத அந்தக் குழந்தைக்காக.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டில் கை வைத்தோம், போன் அடித்தது. தையல்காரர்தான்.

"மேடம், இந்தத் தடவ துவைக்கல. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தாள். போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண் நிறைந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படிப்பட்ட படங்களுக்கு முகத்தைத் திருப்பியே பழகியவன் நான். அன்று குனிந்து பார்த்தேன். பளிச்சென்ற மஞ்சள்.

"கொஞ்சம் பெரிசு பண்ணிக் காட்டு" என்றேன்.