அண்ணாச்சி இல்லாத முப்பத்தெட்டாம் அதிகாரம்

அருமைநாயகம் அண்ணாச்சி போய்விட்டார்.

நேற்று காலை காலண்டர் பிரஸ்ஸுக்கு வேலைக்குக் கிளம்பியவர், வாசலில் செருப்பை மாட்டக் குனிந்து அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள்... இன்று மதியம் அடக்கமும் முடிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் நான் இதுவரை போட்டதெல்லாம் குட் மார்னிங்கும், என் ஸ்டிக்கர் கடை விளம்பரமும், மகள் பரிசு வாங்கிய போட்டோவும்தான். பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை ரசித்துப் படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி பாஸ்டர் இல்லை. பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டியவர். ஆனால் அவர் முன்னால் ஒரு வசனம் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "யாரு சொன்னது? யாருகிட்ட சொன்னது? எதுக்குச் சொன்னது?" மூன்று கேள்வி வரும். சபையில் பாதிப் பேர் அவரைக் கண்டால் பக்கவாட்டு வாசல் வழியாகப் போவார்கள். நானும் போயிருக்கிறேன்.

ஒரு நாள் என் கடைக்கு வந்தார். தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு சம்பூரணமாக இருக்கும் என்று யோபு புத்தகத்தில் வருமே, அதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தேன். ஊரில் எத்தனையோ ஆட்டோவுக்கும் லோடு வண்டிக்கும் அதை வெட்டிக் கொடுத்தவன் நான்தான்.

"ஏலே, இது யாரு சொன்னது?"

"ஆண்டவர்தான் அண்ணாச்சி. பைபிள்ல இருக்குல்ல?"

"பைபிள்ல பிசாசு பேசுனதுந்தான் இருக்கு. அதையும் ஒட்டுவியா?"

சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். சொன்னது ஆண்டவர் இல்லை. பில்தாத் என்கிற நண்பன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற யோபுவிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்குத்தான் இது என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் சொன்ன ஆறுதல்.

"எழவு வீட்டுல வந்து ஒருத்தன் இப்படிப் பேசுனா என்ன செய்வ?"

"ரெண்டு போடுவேன் அண்ணாச்சி."

"நீ அவனுக்கு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டியிருக்க."

எத்தனையோ வருஷம் அந்த வசனத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தவன், அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கண்ணை மூடி பைபிளில் ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைப்பேன். நல்ல வசனம் வரும்வரை வைப்பேன். "அப்பா லாட்டரி எடுக்காக" என்பாள் மகள்.

அப்புறம்தான் சனிக்கிழமை சாயங்காலம் கடையில் யோபுவை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தோம். ஐந்தாறு பேர். விஸ்வநத்தத்திலிருந்து செல்வராணியும் வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் வீட்டுக்காரர் போன சீசனில் வெடி விபத்தில் இறந்துபோனார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

துக்கம் கேட்க வந்த நம் ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்... "ஆராதனைக்கு வராம வேலைக்குப் போனாம்ல, அதான் ஆண்டவரு அடிச்சுட்டாரு."

முதல் நாளே கேட்டுவிட்டாள். "தலவலின்னு படுத்துக் கெடந்த மனுசன, ஆர்டர் அவசரமாம் போங்கன்னு எழுப்பி விட்டது நாந்தான் அண்ணாச்சி. அப்ப நாந்தான கொன்னுட்டேன்?"

அண்ணாச்சி யோபுவின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

"இல்லன்னு நான் சொல்லிருவேன் தாயி. ஆனா வந்தவுக ஒண்ணு சொன்னாக, நான் ஒண்ணு சொன்னேன்னு ஆயிப்போகும். கடைசில ஆண்டவரே பேசுதாரு. அவரு வாயால கேளு. அதுவரைக்கும் ஒரு அதிகாரம்கூடத் தாண்ட வேண்டாம்."

செல்வராணி எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வாரத்துக்கு ஒரு அதிகாரம். யோபுவின் நண்பர்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள்... எனக்குக் கொட்டாவி.

"இவனுக வாய மூடவே மாட்டானுகளா அண்ணாச்சி?"

"எழவு வீட்டுக்கு வந்தவன் என்னைக்குலே வாய மூடியிருக்கான்?"

அன்றைக்குத்தான் செல்வராணி சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை முப்பத்தேழு முடிந்தது. "அடுத்த வாரம் ஆண்டவர் பேசுதாரு. எல்லாரும் வெள்ளன வந்துருங்க" என்றார் அண்ணாச்சி. முதல் ஷோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டவர் மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில்.

இன்று அடக்கத்துக்கு வந்திருந்த ஒரு பெரிய மனிதர், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எல்லாத்தையும் கேள்வி கேட்டாம்ல... ஆண்டவரு சும்மா விடுவாரா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் இருந்த பேப்பர் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்வராணியும் கேட்டுவிட்டாள். "அப்ப அண்ணாச்சிக்கும் அப்படித்தானாண்ணே?"

இல்லை தாயி என்று சொல்லியிருக்கலாம்.  "சனிக்கிழமை வா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முப்பத்தெட்டைத் திறந்தேன். கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சுக்கோங்க. நண்பர்கள் பேசியது சரியில்லை என்று ஆண்டவர் கண்டிக்கிறார். அதைச் செல்வராணிக்குச் சொல்லிவிடலாம்.

ஆனால் அதற்கு முன்னால்... பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்கிறார். வரையாடு குட்டி போடுகிற காலம் உனக்குத் தெரியுமா என்கிறார். கேள்வி மேல் கேள்வி. முதல் அதிகாரத்தில் சாத்தானோடு நடந்த பேச்சைப் பற்றியோ, அந்தப் பத்துப் பிள்ளைகளும் ஏன் செத்தார்கள் என்பதற்கோ அவர் வாயில் ஒரு வரி இல்லை. முன்னும் பின்னும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

நீங்க இருந்தா இந்த இடத்துல என்ன சொல்லியிருப்பீக? 

செல்வராணி இப்போதுதான் போன் செய்தாள். "எத்தன மணிக்குண்ணே?"

ஆறு மணிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்க போங்க அண்ணாச்சி. எங்களுக்கு இன்னும் அஞ்சு அதிகாரம் இருக்கு...