ஈட்டிக்காரியின் உடம்பு

அவள் என்னிடம் ஒரு படமாகத்தான் வந்தாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று புதிதாகச் செய்துகொண்டிருந்த வீடியோ கேமில் அரசிக்கு மெய்க்காவல் அவள். கையில் ஈட்டி. இடுப்பு வரை சிவப்புக் கூந்தல். மார்பில் இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கவசம். அதற்குக் கீழே வயிறு முழுக்கத் திறந்து கிடந்தது. இடுப்பில் ஒரு பட்டை, காலில் ஹீல்ஸ். அந்தக் கேமில் பாதிக் கதை பனிமலையில் நடக்கிறது. அதே பதவியில் இருக்கும் ஆண் காவலாளியின் படமும் பக்கத்திலேயே இருந்தது. அவனுக்குக் கழுத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை இரும்பு. தோளில் கம்பளி வேறு.

நான் தில்லைநகரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர்களின் கேம்களுக்கு உடம்பு செய்து கொடுப்பது எங்கள் தொழில். அவர்கள் அனுப்பும் படத்தை வைத்துக் களிமண் பிசைவது போலக் கம்ப்யூட்டரில் உருவத்தைப் பிசைவோம். உள்ளே எலும்புகளை வைப்போம். எலும்பு அசைந்தால் உருவம் அசையும். ஆண் உருவங்களுக்கு இல்லாத இரண்டு எலும்புகள் பெண் உருவங்களுக்கு மட்டும் உண்டு. அவை மார்புக்குள் இருக்கும். அவள் ஓடினால் மட்டுமல்ல, சும்மா நின்று மூச்சு விட்டாலும் குலுங்க வேண்டும். எவ்வளவு குலுங்க வேண்டும் என்று கூட்டவும் குறைக்கவும் வசதி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கை தானாகப் போடப் பழகிவிட்டது.

எனக்கு இந்தப் பெண்களை ரொம்பச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எதிர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நாலைந்து பையன்களும் பெண்ணாக நான் ஒருத்தியும் அங்கே கூடுவோம். சண்டை போடும் கேம் ஒன்றில் எட்டுப் பேரில் ஒருத்தி மட்டும் பெண். நான் எப்போதும் அவளைத்தான் எடுப்பேன். ஒரு சுவரில் கால் வைத்து அடுத்த சுவருக்குத் தாவி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, எதிரியின் பின்னால் போய் இறங்குவாள். அப்படி ஒரு பொம்பளை உலகத்தில் இருக்க முடியும் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூச்சுப் பிடித்துப் பார்ப்பேன். ஆனால் அவள் உடுத்தியிருந்தது நீச்சல் உடையில் பாதி. யாராவது பெரியவர்கள் அறைக்குள் வந்தால் பையன்கள் சாதாரணமாக விளையாடிக்கொண்டிருப்பார்கள். நான் சட்டென்று ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு நிற்பேன். அவளுக்காக நான் வெட்கப்பட்டேன். அவள் எனக்காகத் தாவினாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

ஈட்டிக்காரியின் உருவத்தைச் சொன்னபடி செய்து முடித்தேன். எலும்புகளையும் வைத்தாயிற்று. அதற்கு அசைவு கொடுப்பது என் சக ஊழியனின் வேலை. ஸ்ரீரங்கத்துக்காரன், நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இணையக் கடையில் விற்கும் தயார் அசைவுகளில் ஒன்றை எடுத்து அவளுக்குப் பொருத்திப் பார்த்தான். அவள் ஈட்டியை எறிந்தது காக்காய்க்குச் சோறு வைப்பது போல இருந்தது.

"இது வேலைக்கு ஆகாது. நிஜமாவே எறியத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்றான். அவன் தங்கை காட்டூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர் கல்லூரிக் காலத்தில் மாநில அளவில் ஈட்டி எறிந்தவர், இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று தங்கை சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை அந்த டீச்சர் ஆபீசுக்கு வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. அகலமான தோள், உருண்டு திரண்ட கை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. எதற்காக அழைத்தோம் என்று காட்ட வேண்டும் அல்லவா? தயங்கித் தயங்கி அந்த உருவத்தை ஸ்கிரீனில் திறந்தேன். டீச்சர் முகத்தைச் சுளிப்பார், எழுந்துகூடப் போய்விடுவார் என்று பயம்.

"அட, நல்லா இருக்காளே!" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முடி என்ன கலருங்க இது? சூப்பரா இருக்கு. லிப்ஸ்டிக்கெல்லாம் போட்டு விட்டிருக்கீங்க."

"டிரெஸ்தான் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"டிரெஸ் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டோம். பிறகு கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழகா இருக்கட்டுங்க. யார் வேணாம்னா? நானும் ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குப் போறப்ப மை வெச்சுக்கிட்டுத்தான் போவேன். எறியணும், அவ்வளவுதானே? எறிஞ்சிரலாம்."

உடம்பில் கட்டிக்கொள்ளும் சென்சார்கள் எங்களிடம் இருந்தன. தீப்பெட்டி அளவில் இருக்கும். கை, கால், இடுப்பு, முதுகு, தலை என்று பட்டை போட்டுக் கட்டினால், கட்டியவர் அசைவது கம்ப்யூட்டரில் ஒரு எலும்புக்கூடாகத் தெரியும். டீச்சர் டிராக் பேண்ட்டும் டீ ஷர்ட்டும் மாற்றிக்கொண்டு வந்தார். நான் கட்டிவிட்டேன். ஆனால் எங்கள் கட்டிடத்தில் எங்கே பார்த்தாலும் இரும்பு. இரும்புக்குப் பக்கத்தில் அந்தச் சென்சார்களுக்குத் திசை குழம்பிவிடும். டீச்சர் நேராக நின்றார். ஸ்கிரீனில் எலும்புக்கூடு பின்பக்கமாக மடிந்து கிடந்தது.

"வெட்டவெளிக்குப் போயிடலாம். கொள்ளிடக் கரை எங்க வீட்டுக்குப் பக்கம்தான்" என்றான் ஸ்ரீரங்கத்துக்காரன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் மூவரும் போய்விட்டோம். கோடைகாலம், ஆற்றில் நடுவே ஒரு கோடு போலத்தான் தண்ணீர். அவன் அம்மா கொடுத்தனுப்பிய காபி பிளாஸ்கைக் கல்லின் மேல் வைத்தான். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நாலு இடத்தில் காலால் உதைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. கரையை ஒட்டி இறுகிக் கிடந்த வண்டல் தரைக்குப் போய் அங்கே ஷூவைப் போட்டுக்கொண்டார். பள்ளியில் வைத்திருக்கும் தன் சொந்த ஈட்டியையே கொண்டு வந்திருந்தார்.

"ரெடிங்களா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"ரெடிங்க டீச்சர்!"

வெயிலில் கண் கூசியதால் நான் அவரைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனைத்தான் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள். முகம் கிடையாது, கூந்தல் கிடையாது, தோல் கிடையாது. அந்தக் கோடுகள் ஓடத் தொடங்கின. முதலில் சாதாரண ஓட்டம். பிறகு தோள் பக்கவாட்டில் திரும்பியது, கால்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டின, எறியும் கை பின்னால் போய் அப்படியே தங்கிவிட்டது. இடது கால் தரையில் ஊன்றியது. ஊன்றிய அந்தக் கணத்தில் ஓடி வந்த வேகம் முழுவதும் அந்தக் காலில் முட்டி நின்றது. அப்புறம் அது மேலே ஏறியது. நான் பார்த்தேன், இடுப்பு திரும்பியது, அதன் பிறகுதான் விலா, அதன் பிறகுதான் தோள், முழங்கை. கை கடைசி. மண்ணிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி அவர் உடம்பு வழியாக ஏறி விரல் நுனியில் வெளியே போனது போல இருந்தது. எலும்புக்கூடு முன்னால் விழப் போய், ஒற்றைக் காலில் தள்ளாடி, நின்றது.

இத்தனை வருடம் பெண் உடம்புகளைச் செய்துகொண்டிருக்கிறேன். அதில் பாதி நேரம் எது பெரிதாக இருக்க வேண்டும், எது சிறிதாக இருக்க வேண்டும் என்ற பேச்சில்தான் போயிருக்கிறது. இங்கே உடம்பே இல்லை. வெறும் கோடுகள். ஆனாலும் அது ஒரு பெண், பலசாலியான பெண், இந்த வேலையை ஆயிரம் முறை செய்து ருசி கண்ட பெண் என்று யாருக்கும் தெரிந்திருக்கும். ஈட்டி எங்கே போய் விழுந்தது என்று நிமிர்ந்து தேடினேன். நான் தேடிய இடத்துக்கு வெகு தூரம் தள்ளி, மணலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்து போன இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரன் என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், இன்னொரு தடவை எறியறேளா?" என்றான்.

"சரியா வரலீங்களா?"

"வந்துடுத்து. சும்மாதான் கேட்டேன்."

டீச்சர் சிரித்துக்கொண்டே ஈட்டியை எடுக்கப் போனார். வெயில் சுடும் வரை எறிந்தார். எங்களுக்குத் தேவையானது முதல் எறியிலேயே கிடைத்துவிட்டது என்று நாங்கள் இருவரும் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை அந்த அசைவை எடுத்து ஈட்டிக்காரிக்குப் பொருத்தினோம். அவள் நொறுங்கிப் போனாள். வேறு எப்படிச் சொல்வது? எறிந்து முடித்த கை நெஞ்சுக்குக் குறுக்கே வரும்போது மார்க்கவசத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. அந்த இடுப்பு ஒரு பிடி அளவுதான். டீச்சரின் திருப்பத்தைத் தாங்காமல் துணி பிழிந்தது போல முறுக்கிக்கொண்டது. ஊன்றிய கால் ஹீல்ஸில் நின்றதால் முழு வேகமும் கணுக்காலில் போய் விழுந்து, பாதம் தரைக்குள் இறங்கியது.

இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக அசைவைத்தான் குறைப்போம். ஸ்ரீரங்கத்துக்காரன் மவுஸைக் கையில் எடுத்தான்.

"தொடாதே" என்றேன்.

"பின்ன என்ன பண்றது?"

"உடம்பை நான் மாத்தறேன்."

அடுத்த சில நாள் நான் வேறு எதுவும் செய்யவில்லை. தொடையைப் பருமனாக்கினேன். முதுகுக்குத் தசை கொடுத்தேன். இடுப்பை அகலமாக்கினேன், அதற்குள் இப்போது குடல் இருக்க இடம் இருந்தது. கிண்ணங்களை எடுத்துவிட்டு ஒரே தகடாக, கை தடையில்லாமல் போய்வரும்படி ஒரு கவசம் செய்தேன். ஹீல்ஸைக் கழற்றிப் பாதத்தைத் தரையில் வைத்தேன். முகத்தையும் சிவப்புக் கூந்தலையும் லிப்ஸ்டிக்கையும் அப்படியே விட்டுவிட்டேன். டீச்சருக்குப் பிடித்திருந்ததே.

ஸ்டுடியோவை நடத்துகிறவர் மேலப்புதூர்க்காரர். நல்ல மனிதர், எதையும் பயந்து பயந்துதான் செய்வார். வந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, யாரு உன்னை இதைச் செய்யச் சொன்னா? அவங்க ஒத்துக்கவே மாட்டாங்க."

"சார், ஒரு தடவை எறியறதைப் பாருங்க."

பார்த்தார். பழைய உடம்பில் ஒரு தடவை, புதிய உடம்பில் ஒரு தடவை. பிறகு புதியதையே மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். நின்றுகொண்டே பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார்.

"இப்படி ஒருத்தி என் முன்னால வந்து நின்னா நான் ஓடிருவேன்மா" என்றார் கடைசியில். "ரெண்டையும் அனுப்புவோம். மாதா விட்ட வழி."

அந்தக் கம்பெனிக்காரர்களோடு வீடியோவில் பேசும் நாள் வந்தது. அந்தப் பக்கத்தில் மூன்று ஆண்கள். புதிய உடம்போடு அவள் ஓடி வந்து எறிந்தாள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் இந்தப் பெண்மணி?" என்று கேட்டார். உருவத்தை அல்ல, எறிந்தவரைக் கேட்டார். பள்ளி ஆசிரியை என்றோம். நம்பவில்லை போல, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. புதிய உடம்பே இருக்கட்டும். புதிய கவசமும் இருக்கட்டும். ஆனால் பழைய உடையைத் தூக்கிப் போட வேண்டாம், அதைக் கேமுக்குள்ளேயே இருக்கும் கடையில் தனியாகக் காசுக்கு விற்கலாம். மார்புக்குள் இருக்கும் அந்த இரண்டு எலும்புகளும் வேண்டும். படித்துவிட்டு நான் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். "பாதி கெடைச்சுடுத்தே" என்றான் ஸ்ரீரங்கத்துக்காரன். பழைய உடையைப் புதிய உடம்புக்கு நானே தைத்துக் கொடுத்தேன். அதில் ஹீல்ஸ் மட்டும் இல்லை. ஹீல்ஸ் போட்டால் எறிய வராது என்று எழுதியதை அவர்கள் மறுக்கவில்லை.

கேம் வெளிவந்த பிறகு டீச்சரை ஆபீசுக்கு அழைத்தோம். கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் உறையூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கேம் எல்லாம் தெரியாது. நான் ஈட்டிக்காரியைப் பனிமலையில் கொண்டுபோய் நிறுத்தி, கன்ட்ரோலரை டீச்சர் கையில் கொடுத்தேன். முதலில் அவர் எங்கேயோ சுவரில் போய் முட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எறியும் பொத்தானைக் கண்டுபிடித்தார்.

அவள் ஓடினாள், தாண்டினாள், ஊன்றினாள், எறிந்தாள்.

பின்னால் நின்ற கணவர், "ஏம்மா, இது நீதானே!" என்றார். "காலேஜ் கிரவுண்டுல பார்த்தேனே, அதே மாதிரி. எறிஞ்சுட்டு ஒரு காலை இப்படி ஆட்டுவ பாரு, அது அப்படியே இருக்கு!"

டீச்சர் கன்ட்ரோலரில் கேமராவை, அதாவது நாம் அவளைப் பார்க்கும் கோணத்தை, திருப்பும் குச்சியைக் கட்டைவிரலால் மெதுவாக நகர்த்தினார். கேமரா வழக்கம்போல அவளுக்குப் பின்னால், தாழ்வாக, இடுப்புக்கு நேராக இருந்தது. அதை மேலே கொண்டுவந்து, பக்கவாட்டில் சுற்றி, தோள் தெரியும்படி வைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். வேறு பக்கம் சுற்றினார். மறுபடி அழுத்தினார்.

"இருபது வருஷமா எறியறேன்" என்றார். "பிள்ளைங்க எறியறதைப் பார்த்துத் திருத்துவேன். நான் எறியறப்ப எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. இப்படிச் சுத்திச் சுத்தி யாரு பார்த்திருக்கா?"

"மெதுவா ஓட்டிக் காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"முடியுமா?"

என் கம்ப்யூட்டரில் திறந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். கால் ஊன்றியது. இடுப்பு திரும்பியது. டீச்சர் தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, கண் இமைக்காமல் பார்த்தார். கணவர் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"எம்மாடி" என்றார் டீச்சர். "இவ்வளவு பலமா நான் எறியறேன்?"