மழைக்கோட்டோடு ஒரு நடனம்

சனிக்கிழமை, காலை பதினொரு மணி, மெல்பேணின் ட்ருகனினா.

வெளியே நல்ல வெயில். தம்பி சுதன் ஒரு மஞ்சள் மழைக்கோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான்.

“சீலைக்கு மேலாலை போடுறதுக்கு அக்கா. அங்கை போய்ப் போட்டாலும் காணும்.”

“மழை எங்கை பெய்யுது?”

“பெய்யேல்லை. அதாலைதான் இண்டைக்கு மழை நாள் வைச்சிருக்கினம்.”

மெல்பேணுக்கு நான் வந்து இரண்டாவது சனிக்கிழமை அது. ஊரில், இலங்கையின் பரந்தனில், சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். ஏப்ரல் விடுமுறையோடு கொஞ்சம் லீவும் சேர்த்துக்கொண்டு, பதின்மூன்று வருடங்களாகக் காணாத தம்பியைப் பார்க்க வந்திருந்தேன். அவன் அகதியாக வள்ளத்தில் வந்தவன். நிரந்தர விசா கிடைக்காமல் பல வருடம் இழுபட்டு, இப்போதுதான் என்னைக் கூப்பிடும் நிலைக்கு வந்திருக்கிறான். ட்ருகனினாவின் பண்டகசாலைகளிலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுகிறான்.

வந்த மூன்றாம் நாள் அவனிடம் ஒன்று கேட்டேன். எங்கள் அப்பா இறந்தபோது அவனால் ஊருக்கு வர முடியவில்லை. ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள். தொலைபேசியில் நான் செய்தியைச் சொன்னேன். “ஓம்” என்றான். பிறகும் “ஓம்” என்றான். அழவில்லை. தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவன் ஒரு சொல்லும் பேசியதில்லை. அம்மா இப்போதும் ஆண்டுத் திவசத்தன்று கேட்பார்: “அண்டைக்கு அந்தப் பிள்ளை ஆரோடை இருந்ததோ?” அதைத்தான் நான் அவனுடைய குசினியில் வைத்துக் கேட்டேன். “அண்டைக்கு உன்னோடை ஆர் இருந்தவை, தம்பி?”

தேத்தண்ணியைக் கலக்கி என் பக்கம் தள்ளினான். “சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போறன். அவையையே பாருங்கோ” என்றான்.

இந்தப் பயணம் அந்தப் பதிலுக்காக.

பண்டகசாலைகளும், மரம் வளராத புது வீட்டு வரிசைகளும் முடிந்ததும் மேற்கு நோக்கிய நெடுஞ்சாலையில் ஏறினோம். பாலராட் நகரம் நூறு கிலோமீற்றர் அளவில். நாங்கள் போக வேண்டிய ஊர் அதற்கும் அப்பால் நாற்பது கிலோமீற்றர். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்ன இடம், பெயர் வெளிவருவது அங்குள்ளவர்களுக்குப் பிடிக்காது. வழியில் பக்கஸ் மார்ஷில் நிறுத்தி அப்பிள் வாங்கினோம். ஒரு பை ஐந்து டொலர். நறுக்கென்று கடிபட்டது. அதைத் தாண்டியதும் சாலை மேடேறியது. பாலராட்டுக்குப் பிறகு இரண்டு பக்கமும் வைக்கோல் நிறத்தில் புல்வெளி. அந்த நிறத்திலேயே ஆடுகளும் நின்றதால், அவை அசைந்தால்தான் ஆடென்று தெரிந்தது.

“ஏப்ரல் மழைக்குத்தான் இவை விதைக்கிறது. ரெண்டு வருசமா ஒழுங்கா இல்லை” என்றான் சுதன்.

எனக்கு அதை விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் ஐப்பசியில் ஆட்கள் இப்படித்தான் வானத்தைப் பார்ப்பார்கள்.

அந்த ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் அவன் நாலு வருடம் வேலை செய்திருக்கிறான். குடியிருந்தது நடன மண்டபத்துக்குப் பின்பக்கத்து அறை ஒன்றில். சனிக்கிழமைகளில் மண்டபத்தில் நாட்டுப்புற இசைக்குழு வாசிக்கும். கிற்றார், வயலின், மேசைபோலக் கிடையாக வைத்து வாசிக்கும் இரும்புக்கம்பிக் கிற்றார். முதலில் இவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறான். ஒருநாள் ஒரு பெண்மணி வெளியே வந்து, “ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறையுது, நிக்கிறாயே, வா” என்று உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறா.

“ஆடத் தெரியுமெண்டு சொன்னனியோ?”

“இல்லை. ‘யெஸ்’ எண்டு மட்டும்தான் அப்ப எனக்குத் தெரியும்.”

பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்பாகப் போய்ச் சேர்ந்தோம். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நீண்ட மண்டபம். முன்னால் புழுதி படிந்த வாகனங்கள். அந்தக் காய்ந்த வெயிலில் மழைக்கோட்டும், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்தும், விரித்த குடையுமாக ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் மீன்பிடி வலை. நான் சீலைக்கு மேல் மஞ்சள் கோட்டை மாட்டினேன். சுதன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வந்த நாள் தொட்டு அவன் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

வாசலில் மேசை போட்டு இருந்தவர்தான் அந்தப் பெண்மணி. பெயர் பெவ். எழுபது வயதிருக்கும். தலையில் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்ரிக் மழைத்தொப்பி. நுழைவு பத்து டொலர், பின்னேரச் சாப்பாடும் அதற்குள். முதல்முறை வருபவர்களிடம் வாங்குவதில்லையாம். என் இரண்டு கைகளையும் பிடித்து, “நீதானா அக்கா?” என்றா. அக்கா என்ற சொல்லைத் தமிழிலேயே சொன்னா. அதைக் கேட்டதும், இவ்வளவு நாளாக மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த ஆங்கில வசனம் எனக்கு மறந்துபோனது.

மேடையில் ஐந்து பேர். இரும்புக்கம்பிக் கிற்றார் வாசித்தவர் பெவ்வின் கணவர் கென். அவர் விரல் அசைய, அந்த இசை ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்கு வழுக்கிக்கொண்டு போனது. பாட்டுகள் எல்லாம் மழைப் பாட்டு. அறுபது எழுபது பேர் வரிசை வரிசையாக நின்று, ஒரே திசை பார்த்து, ஒரே அடி வைத்தார்கள். குதிகால், விரல்நுனி, இரண்டு அடி வலம், கால் திருப்பம், கைதட்டு. மழைக்கோட்டுகள் உரசும் சத்தம் பாட்டுக்குள்ளே கேட்டது. ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு வேடமாம். போன மாதம் எல்லோரும் படுக்கும் உடுப்போடு வந்தார்களாம், வருகிற மாதம் லொறிச் சாரதிகளின் நாளாம்.

“அதுக்கு நான் வேசம் போடத் தேவையில்லை” என்றான் சுதன்.

என்னையும் வரிசையில் நிறுத்தினார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளுக்குக் கும்மி பழக்கிய கால்கள்தானே என்று நம்பி நின்றேன். மூன்றாவது திருப்பத்தில் எல்லோரும் சுவரைப் பார்க்க, நான் மட்டும் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெரிய வயிற்றுக் கமக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். சுதன் முன்வரிசையில் ஆடினான். அவனுடைய கால்கள் யோசிக்கவேயில்லை. ஊரில் கோயில் திருவிழாவில்கூடக் கூட்டத்தின் கடைசியில் நிற்கும் பிள்ளை அவன்.

மூன்றரைக்குத் தேநீர் இடைவேளை. ஆண்கள் கதிரைகளை அடுக்க, நான் பெவ்வோடு குசினிக்குப் போய்க் கோப்பை கழுவினேன். கைக்கு வேலை இருந்தால் எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் இலகுவாக வரும். அப்பாவின் நாளைப் பற்றிக் கேட்டேன். பெவ் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னா. எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

“அண்டைக்கு எங்களுக்குக் கடற்கரை நாள். நான் ரப்பர் நீச்சல் தொப்பியோடை நிக்கிறன். கென் வாயிலே மூச்சுக் குழாய். இவன் பின்கதவாலே வந்து சுவரோரம் நிண்டான். வேசம் போடேல்லை. என்ன எண்டு கேட்டன். ‘அப்பா செத்துப்போனார்’ எண்டான். ‘அறைக்குள்ளே இருக்க முடியேல்லை’ எண்டான். நாங்கள் பாட்டை நிப்பாட்டினம். என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. உங்களிலே இப்பிடி நடந்தா என்ன செய்வினம் எண்டு கேட்டன். ‘ஆக்கள் வந்து இருப்பினம்’ எண்டான். வந்து என்ன செய்வினம் எண்டன். ‘ஒண்டுமில்லை. வந்து இருப்பினம்’ எண்டான்.”

பெவ் துணியால் கையைத் துடைத்தா.

“அப்ப நாங்கள் கதிரையளைத் திருப்பிப் போட்டு அவனைச் சுத்தி இருந்தம். எல்லாரும். பின்னேரம் வரைக்கும். என்ரை தலையிலே அந்தத் தொப்பி அப்பிடியே இருந்தது. வீட்டை போய்க் கண்ணாடியைப் பாத்தப்பிறகுதான் கழட்டினன்.”

சாவு நடந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள் என்றும் அவன் சொல்லியிருக்கிறான். மறுநாள் பெவ் ஆட்டிறைச்சிக் குழம்போடு போனாவாம். அவன் தொடவில்லை. மச்சம், மீனும் இறைச்சியும், கூடாது என்று அறிந்ததும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை ஊரில் முறைவைத்து மரக்கறிச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார்கள்.

“எங்களுக்கு மரக்கறி எண்டாப் பூசணிக்காய்தான். அந்த மாதம் இந்த ஊர்ப் பூசணிக்காய் முழுக்க அவன்ரை வயித்துக்குள்ளே” என்று சொல்லிச் சிரித்தா. நான் அழுதேன். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு அழுதேன்.

இடைவேளை முடியும் நேரம் சுதனிடம் போனேன். “நான் இவையளுக்கு முன்னாலை ஒண்டு சொல்லவேணும். நான் தமிழிலை சொல்லுறன். நீ சொல்லிக் குடு.”

அவன் முகம் மாறியது. “வேண்டாம் அக்கா. இவை அப்பிடி மேடையிலை நன்றி சொல்லுறதை விரும்பமாட்டினம்.”

“அவை விரும்புறதுக்கில்லை. எனக்குச் சொல்லவேணும். அம்மாவுக்காகவும் சொல்லவேணும்.”

கென் ஒலிவாங்கியைத் தந்தார். மஞ்சள் கோட்டோடு மேடையில் நின்றேன். கீழே குடைகளும் தொப்பிகளும். “நான் சுதனின்ரை அக்கா” என்றேன். அவன் மொழிபெயர்த்தான். “எங்கடை அப்பா செத்த அண்டைக்கு என்ரை தம்பி தனிய இருந்தான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனாங்கள். அவன் தனிய இருக்கேல்லை. அவனைச் சுத்தி நீங்கள் இருந்திருக்கிறியள்.”

சுதன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. இன்னொருமுறை முயன்றான். பிறகு ஒலிவாங்கியை என் கையிலேயே தந்துவிட்டு, தோள்கள் குலுங்க, எல்லோருக்கும் முன்னால் அழுதான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

என்னைத் திருப்பிவிட்ட கமக்காரர் பின்னாலிருந்து, “எங்களுக்கு விளங்கினது, தம்பி” என்ற பொருளில் ஏதோ சொன்னார். அவ்வளவுதான். கைதட்டல் இல்லை. கென் கிற்றாருக்குப் பின்னால் போய் இருந்து, அடுத்தது மெதுவான சோடி ஆட்டம் என்று அறிவித்தார். பெவ் மேடைக்கு வந்து சுதனின் கையைப் பிடித்து ஆடக் கூட்டிப்போனா. நன்றி அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்கு மேல் அதை நீட்ட அவர்களுக்குத் தெரியாது என்று விளங்கிக்கொண்டேன்.

நாலரை மணி. ஊரில் அப்போது மத்தியானம். அம்மாவை வீடியோவில் எடுத்தேன். மண்டபத்தைச் சுற்றிக் காட்டினேன்.

“அங்கை நல்ல மழையோ பிள்ளை?”

“இல்லை அம்மா. மழை இல்லாததாலைதான் உந்த வேசம்.”

“நல்ல ஆக்கள்தான்.”

பெவ்வைக் காட்டி, இவவும் இந்த ஊர் ஆக்களும்தான் முப்பத்தொரு நாளும் சாப்பாடு குடுத்தவை என்றேன். அம்மா திரைக்குக் கிட்ட வந்தார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினார். பெவ்வும் கையில் இருந்த கேக் தட்டை என்னிடம் தந்துவிட்டுக் கைகளைக் கூப்பினா. இருவருக்கும் பொதுவான மொழி இல்லை.

ஐந்தரைக்குப் புறப்பட்டோம். எஞ்சிய கேக்கைப் பொதிசெய்து தந்தார்கள். வாசலில் கென் வானத்தை ஒருமுறை பார்த்தார். மழைக்கான குறி ஏதுமில்லை. “அடுத்த மாதம் பார்ப்பம்” என்று மழையைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

வழியில் எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். அங்கே செத்தவீட்டுக்குப் போவது ஒரு கடன். அவர்கள் எங்களிடம் வந்தார்கள், நாங்களும் போகவேண்டும். போகாவிட்டால் அது மனதில் நிற்கும். அதை நான் குறைசொல்ல மாட்டேன், அந்தக் கணக்கில்தான் எங்கள் ஊர் இன்னும் ஊராக இருக்கிறது. ஆனால் இந்த மண்டபத்து மனிதர்களின் வீட்டுச் சாவுக்கு அப்பாவின் பிள்ளைகள் வருவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க வழியில்லை. ஓர் அந்நியன் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னான், இவர்கள் கதிரையைத் திருப்பிப் போட்டார்கள்.

பாலராட் விளக்குகள் தெரிந்தபோது சுதன் வானொலியை நிறுத்தினான்.

“அக்கா, அப்பான்ரை கடைசி நாளைச் சொல்லுங்கோ.”

“என்ன தம்பி சொல்ல?”

“எல்லாம். காலமை எழும்பினதிலை இருந்து சொல்லுங்கோ. நான் ஒண்டும் கேக்கேல்லையே.”

சொன்னேன். அப்பா விடியப் பால்தேத்தண்ணி கேட்டதையும், சீனி காணாது என்று அம்மாவோடு கொளுவியதையும், வரம்பு வெட்ட வந்த ஆட்களோடு பகிடி விட்டதையும் சொன்னேன். அவன் ஓரிடத்தில் சிரித்தான். ஓரிடத்தில் வாகனத்தின் வேகத்தைக் குறைத்தான். கொள்ளி வைத்தது யார், வேட்டி என்ன நிறக் கரை, மழை தூறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பக்கஸ் மார்ஷ் வந்தது, போனது. ட்ருகனினாவில் வீட்டுக்கு முன் வாகனத்தை நிறுத்தியபோது, நான் சொல்லிவந்த கதையில் அப்பாவை இன்னும் வாசலைவிட்டு எடுக்கவில்லை. சுதன் எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை. வாகனத் திறப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி இருந்தான்.

“பிறகு?” என்றான்.