பெலிக்ஸின் சிறுத்தைப் பெட்டி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகக் கையுறையோடு வேலை பார்க்கும் பெலிக்ஸுக்குத் தூண்டில் போடுவதுதான் உயிர். ஆனால் கூட்டாளிகள் அவருடைய வெள்ளைத் தூண்டில் பெட்டியை “கிளினிக் பெட்டி” என்று கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்கள் வாயை அடைத்தே தீருவது என்று, முக்கும் பொருளில் அப்படியே ஒட்டிக்கொள்ளும், சிறுத்தைப் புள்ளி அச்சிட்ட படலத்தைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதை இளக்கும் மருந்தைத் தெளித்தார்.

“கையுறை போடுங்க,” என்றாள் மனைவி ஷேரன்.

“வீட்லயுமா? போதும் லா!”

வெறுங்கையால் பெட்டியை முக்கி எடுத்தார். விரல் பிடித்த இடமெல்லாம் பெட்டி வெள்ளையாகவே இருந்தது. சிறுத்தை அவர் முழங்கை வரை ஏறியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஞாயிறன்று பாலிக் புலாவ் கரையில் பெட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அண்ணே, கை கலக்குது லா! எந்தக் கடையில பச்சை குத்துனீங்க?” என்றான் கூட்டாளி ஒருவன்.

பெலிக்ஸ் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே மடித்துவிட்டார்.

“வீட்லயே செஞ்சது, தம்பி.”